பழைய தெருக்களும் புதிய குடிகளும்: ஜேன் ஜேக்கப்ஸின் நகர நூல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு நூல் ஒரு சாராருக்கு வேதமாக அமைவதும், மறுசாரார் அதனை மறுத்துரைப்பதும் அறிவுலகில் வழமையானவை. எதிரெதிரே நிற்கும் இரு சாராரும் ஒரே நூலைத் தத்தமக்குரிய பிரமாணமாக எடுத்துக் காட்டுவது அரிதாகவே நிகழ்கின்றது. ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1961 இல் வெளியிட்ட ‘மாபெரும் அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும்’ அத்தகைய ஒரு நூலாகும். பழைய தெருக்களை இடியாது பேணுதல் வேண்டும், அங்கே உயர்ந்த தொடர்மாடிகள் எழ இடமளித்தலாகாது என்போர் அந்நூலைக் கையிலேந்தி மாநகர சபை வாயிலில் நிற்கின்றனர். வீடில்லாதார் தொகை பெருகும் நகரங்களில் இன்னும் நெருக்கமாக வீடுகளைக் கட்டுதல் வேண்டும், பேணுகைச் சட்டங்கள் வசதிபடைத்தோரின் வேலியாகிவிட்டன என்று வாதிடுவோரும் அதே நூலின் வேறு பக்கங்களைப் புரட்டிக் காட்டுகின்றனர். இவ்விரு சாராருள் யார் அந்நூலைச் சரிவரப் படித்தனர் என்ற வினா புலமைப் பொழுதுபோக்கன்று. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எவர் அத்தெருவை விட்டு நீங்கவேண்டும் என்ற தீர்ப்புக்கள் இந்நூலின் பெயரால் வழங்கப்பட்டுள்ளன, இன்றும் வழங்கப்படுகின்றன. ஆதலின் நூலை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தல் அவசியமாகின்றது.

நூலாசிரியை கட்டடக் கலைஞரல்லர். நகரத் திட்டவியலிற் பட்டம் பெற்றவருமல்லர். 1916 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் சுரங்க நகரொன்றிற் பிறந்து, நியூயோர்க்கிற் குடியேறி, கட்டடக்கலைச் சஞ்சிகையொன்றில் எழுத்தாளராகப் பணியாற்றியவர். 1947 இல் அவரும் கட்டடக் கலைஞரான அவர்தம் கணவரும் கிறீனிச் விலேஜ் பகுதியில் ஹட்சன் வீதி 555ஆம் இலக்க வீட்டை வாங்கிக் குடிபுகுந்தனர். அக்காலை நடுத்தர வர்க்கத்தினர் புறநகர்ப் புல்வெளி வீடுகளை நாடிப் போய்க்கொண்டிருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது. 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், சேரி எனப் பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளைக் கையகப்படுத்தித் தரைமட்டமாக்குவதற்கு மத்திய அரசின் பணத்தை வாரி வழங்கியது. நியூயோர்க்கில் அப்பணத்தைக் கையாண்டவர் றொபேட் மோசஸ். எவ்விடத்தும் தேர்தலில் வென்று பதவிக்கு வந்தவரல்லராயினும், பாலம், பூங்கா, நெடுஞ்சாலை, வீடமைப்பு யாவற்றையும் பல தசாப்தங்கள் தம் கைக்குள் வைத்திருந்தவர். பொஸ்ரன் நகரின் மேற்கு முனைப் பகுதி 1958 தொடக்கம் அடியோடு இடிக்கப்பட்டபோது 2,500 இற்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்களது வாழ்வை ஆராய்ந்து 1962 இல் நூலாக்கியவர் ஹேர்பேட் கான்ஸ் என்னும் சமூகவியலாளர். அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

ஜேக்கப்ஸின் நூல் கையெழுத்துப் பிரதியாக முற்றுப்பெற்ற வேளையில், 1961 பெப்ரவரியில், அவருடைய சொந்தத் தெருவை உள்ளடக்கிய 14 தெருத்தொகுதிகள் சேரி நீக்கத்துக்கான ஆய்வுக்கு உட்படுத்தப்படும் என மாநகர நிர்வாகம் அறிவித்தது. எழுத்திற் கண்ட எதிரி வாசற்படியில் வந்து நின்றான் எனலாம். அயலவர்கள் ஒன்றுதிரண்டு போராடியதன் பேறாக 1962 இன் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நூலுக்கும் போராட்டத்துக்குமிடையே நிலவிய இவ்வுறவு நூலின் பிற்கால விதியைப் பெரிதும் நிர்ணயித்துவிட்டது. போராட்டத்தின் நோக்கம் இடிப்பதைத் தடுத்தல். எனவே நூலின் நோக்கமும் அதுவே என வாசகர் பலர் கொண்டனர். தடுத்தல் நூலின் ஒரு பகுதி மாத்திரமே.

ஒரு நகரப் பகுதி உயிர்ப்புடன் விளங்க நான்கு நிபந்தனைகள் வேண்டுமென ஜேக்கப்ஸ் வரையறை செய்கின்றார். ஒரே பகுதியிற் பல்வேறு பயன்கள் கலந்திருத்தல், தெருத்தொகுதிகள் குறுகியனவாக அமைதல், வெவ்வேறு வயதினவான கட்டடங்கள் அருகருகே நிற்றல், மக்கள் போதிய அளவு அடர்ந்து வாழ்தல் என்பனவே அவை. முதலிரண்டையும் இங்கு விரித்தல் தேவையில்லை. மூன்றாவதும் நான்காவதுமே எமது பிரச்சினையின் மையத்தில் நிற்பவை. பேணுவோர் மூன்றாவதையும், கட்டுவோர் நான்காவதையும் பிடித்துக்கொண்டனர்.

அடர்த்தி பற்றி அவர் கூறுவதை முதலில் நோக்குவோம். அடர்த்தி வேறு, நெரிசல் வேறு என்பது அவரது அடிப்படையான வேறுபடுத்தல். ஓர் ஏக்கர் நிலத்தில் எத்தனை வீடுகள் உள என்பது அடர்த்தி. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பது நெரிசல். அறையொன்றுக்கு ஒன்றரை ஆளும் அதற்கு மேலும் என்பதே அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டாளர் நெரிசலுக்குக் கொண்ட அளவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினர். அதனால் ஏழையின் நெரிசலை நீக்கப் புறப்பட்டவர்கள் நகரத்தின் அடர்த்தியை அழித்தனர். பொஸ்ரனின் வடமுனைப் பகுதியை அவர் இதற்கு உதாரணங் காட்டுகின்றார். ஏக்கருக்கு 275 வீடுகள் செறிந்த அப்பகுதியை வங்கிகள் சேரியெனக் கொண்டு கடன் வழங்க மறுத்தன. ஆயினும் அங்கு நோயும் குற்றமும் நகரின் சராசரியிலும் குறைந்தே காணப்பட்டன. ஏக்கருக்கு 100 வீடுகளேனும் இல்லாதவிடத்து மாநகர வாழ்வு மலராது என்பது அவரது பொதுவான நிலைப்பாடு. அவருக்கு மிகவும் பிடித்தமான கிறீனிச் விலேஜே 125 முதல் 200 இற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடர்த்தியிற் செழித்தது. இவற்றைப் படித்த பின்னும், அடர்த்தியை எதிர்ப்போரின் தாயாக அவரைக் கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும்?

எனினும் நேர்மையான விமர்சகன் மறுபக்கத்தையும் புரட்டவேண்டும். அடர்த்திக்கு மேலெல்லை ஒன்றையும் அவர் வகுக்கின்றார். அவ்வெல்லை ஓர் எண்ணன்று. எந்த அளவுக்கு மேல் அடர்த்தியைக் கூட்டினால் கட்டடங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவையாகின்றனவோ, அவ்விடத்தில் அடர்த்தி தன் பயனை இழக்கின்றது என்பது அவர் வாதம். ஒரு தெருவிற் பழையன சில இடிந்து புதியன சில எழுதல் நன்று. தெரு முழுவதும் ஒரே நாளில் ஒரே கையால் எழுதல் கேடு. பணமும் அவ்வாறே. படிப்படியாகச் சொட்டும் பணம் வளர்க்கும். பிரளயமாகப் பாயும் பணம் அள்ளிக்கொண்டு போகும். இப்பகுதியைப் படிக்கும்போது ஒரு நுண்மையான பொருளியல் நோக்கினை அவர் இயல்பாகவே பெற்றிருந்தார் என்பது புலனாகின்றது. பேணுகைக்கு அவர் வாதாடுவது அழகின் பொருட்டன்று, மாற்றத்தின் வேகத்தின் பொருட்டே.

பழைய கட்டடங்கள் பற்றிய அவரது கூற்றும் அத்தன்மையதே. அரும்பொருட்காட்சிக்குரிய மாளிகைகளைப் பற்றி அவர் பேசவில்லை. சாதாரணமான, நிறம் மங்கிய, சிறப்பேதுமற்ற கட்டடங்கள் ஏராளமாக வேண்டும் என்கின்றார். காரணம் வாடகை. புதுக் கட்டடத்தின் செலவை ஈடுசெய்யத்தக்க வருமானம் பெருங்கடைக்கும் வங்கிக்கும் உண்டு. சிறுகடைக்காரனுக்கும், தையற்காரனுக்கும், புதிய முயற்சியைத் தொடங்கும் இளைஞனுக்கும் இல்லை. கட்டிய கடன் தீர்ந்துபோன பழைய கூரையே அவர்களுக்குப் புகலிடம். இவ்வளவில் வாதம் சரியே. ஆயினும் இங்கேதான் நூலின் பெரும்பிழையும் கருக்கொள்கின்றது.

பழைய கட்டடம் மலிவாயிருப்பது அதன் வயதினாலா? அன்று. அதனை விரும்புவோர் தொகை குறைவாயிருந்தமையினாலேயே அது மலிவாயிருந்தது. 1947 இல் வசதிபடைத்தோர் புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்தனர். ஆதலின் ஹட்சன் வீதியின் செங்கல் வீடுகள் எழுத்தாளருக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் எட்டும் விலையில் இருந்தன. அதே வர்க்கத்தினர் நகரத்துக்குத் திரும்ப விரும்பிய நாளில் அச்செங்கலின் வயதே அதன் விலையாகிவிட்டது. பழமை என்பது தேய்மானமாக இருந்தது போய், கிடைத்தற்கரிய பண்டமாக மாறியது. இவ்வாறு மாறக்கூடும் என்பதை ஜேக்கப்ஸ் அறியாதவரல்லர். வெற்றிபெற்ற பகுதி தன் வெற்றியாலேயே தன் பன்மையை அழித்துக்கொள்ளும் என்று ஓர் அதிகாரம் முழுவதிலும் எச்சரிக்கின்றார். அங்கே அவர் கண்ட ஆபத்து, இலாபம் மிக்க ஒரே பயன் ஏனையவற்றைத் துரத்திவிடும் என்பதாகும். கட்டடம் அப்படியே நிற்க, உள்ளே இருப்போர் மாத்திரம் மாறிவிடுவர் என்ற ஆபத்து அவரது பார்வையில் உரிய கனத்தைப் பெறவில்லை. அம்மாற்றத்துக்குப் பெயர் சூட்டியவர் இலண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர் றூத் கிளாஸ். தொழிலாளர் தெருக்களை மேல்நடுத்தர வர்க்கத்தினர் ஒவ்வொரு வீடாகக் கைப்பற்றுவதைக் குறிக்க, பழைய கனவான் குலத்தின் பெயரிலிருந்து ஒரு சொல்லை 1964 இல் அவர் ஆக்கினார். கனவான்மயமாதல் எனத் தமிழில் அதனைக் கூறலாம்.

ஹேர்பேட் கான்ஸ் 1962 இல் எழுதிய மதிப்புரை இதனைக் கூர்மையாகவே தொட்டுக்காட்டியது. நடைபாதை வாழ்வும், படிக்கட்டு அரட்டையும், மூலைக்கடையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துச் செல்லும் நம்பிக்கையும் குறுகிய தெருக்களினாலும் பழைய கட்டடங்களினாலும் விளைந்தவை என ஜேக்கப்ஸ் கருதினார். அவை பெரும்பாலும் அங்கு வாழ்ந்த இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்களின் பண்பாட்டினால் விளைந்தவை என்பது கான்ஸின் மறுப்பு. பௌதிகச் சூழலுக்கு மிகையான ஆற்றலை ஏற்றிவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. இது நியாயமான குற்றச்சாட்டென்றே யாம் கருதுகின்றோம். தெருவைக் காப்பாற்றினால் தெருவின் மக்களும் காக்கப்படுவர் என்ற மயக்கத்துக்கு நூல் இடமளித்துவிட்டது. செங்கல்லுக்கும் மனிதருக்குமிடையே நிற்கும் வாடகை, உடைமை, வர்க்கம் என்பன அம்மயக்கத்தில் மறைந்துபோகின்றன.

நூல் வெளிவந்த பின் நடந்தவை அம்மயக்கத்தைச் சட்டமாக்கின. பென்சில்வேனியா புகையிரத நிலையம் 1963 இல் இடிக்கப்படலாயிற்று. 1910 இல் திறக்கப்பட்ட அம்மாபெரும் மண்டபத்தின் வீழ்ச்சி நகர மக்களின் மனச்சாட்சியை உலுக்கியது. 1965 ஏப்ரலில் நியூயோர்க் மாநகரம் சின்னங்கள் பேணும் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டின் இறுதியில் புரூக்ளின் ஹைற்ஸ் முதலாவது வரலாற்றுப் பிரதேசமாயிற்று. 1969 இல் கிறீனிச் விலேஜின் 2,000 இற்கு மேற்பட்ட கட்டடங்கள் ஒருசேரப் பாதுகாப்புக்கு உள்ளாயின. 1978 இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் தொடர்பான வழக்கில், உடைமையாளரின் இலாபம் குறைவதனாற் பேணுகைச் சட்டம் செல்லாததாகிவிடாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வேறொரு திசையில், 1961ஆம் ஆண்டின் வலயமாக்கல் விதிகள் நகரத்தின் கொள்ளளவையே சுருக்கின. முந்திய விதிகளின்படி ஏட்டளவிலேனும் 5 கோடியே 50 இலட்சம் மக்களுக்கு இடமிருந்தது. புதிய விதிகள் அதனை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சமாக்கின. இவ்வலயமாக்கலை ஜேக்கப்ஸின் கணக்கில் எழுதுவது அநீதி. திறந்த வெளியின் நடுவே தனித்து நிற்கும் கோபுரத்துக்குச் சலுகை வழங்கிய அவ்விதிகள் அவர் வெறுத்த கோட்பாட்டின் குழந்தைகளே. ஆயினும் இரண்டும் சேர்ந்து ஒரே விளைவைத் தந்தன. பழைய பகுதிகளில் வீடு தேடுவோர் தொகை பெருகியது; வீடு பெருகவில்லை.

பேணுகைச் சட்டம் எதனைப் பேணுகின்றது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கிறீனிச் விலேஜின் புனித வின்சென்ட் மருத்துவமனை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அப்பகுதியின் ஏழைகளையும், பின்னாளில் எய்ட்ஸ் நோயாளரையும் பராமரித்த நிறுவனம். கடன் சுமையால் அது 2010 இல் மூடப்பட்டது. அவ்விடத்தே வரலாற்றுப் பிரதேசத்தின் விதிகளுக்கமைய, சில கட்டடங்கள் பேணப்பட்டும் சில புதிதாக எழுப்பப்பட்டும், பெருஞ்செல்வருக்கான மாடிமனைகள் அமைந்தன. முகப்பின் செங்கல் வரிசையும் சாளர அளவும் சட்டத்தின் கண்காணிப்புக்குட்பட்டன. மருத்துவமனை எவர் கண்காணிப்புக்கும் உட்படவில்லை. அது சட்டத்தின் மீறலன்று, சட்டத்தின் இயல்பு.

இவ்விடத்து, நம்மவர்க்கு அணித்தான ஒரு செய்தியைச் சொல்லிச் செல்ல விரும்புகின்றோம். தமக்கு முந்திய நகரத் திட்டக்காரரை ஜேக்கப்ஸ் தம் நூலின் முன்னுரையிலேயே வரிசையாக நிறுத்திக் கண்டிக்கின்றார். தோட்ட நகரத்தின் தந்தையான எபனேசர் ஹவார்ட், பற்றிக் கெடிஸ், அவர்தம் அமெரிக்கச் சீடர் லூயிஸ் மம்ஃபோட், லெ கோபூசியே ஆகியோர் அவ்வரிசையினர். மம்ஃபோட் 1962 இல் ஒரு நீண்ட, ஏளனம் மிக்க மதிப்புரையாற் பழிதீர்த்துக்கொண்டார். அதன் தலைப்பே கைவைத்தியம் செய்யும் தாயென ஆசிரியையை எள்ளுவது. ஒரு பெண் எழுதினாள் என்பதனாற் பிறந்த ஏளனம் அதிற் கலந்திருப்பதை இன்று எவரும் எளிதில் உணர்வர். ஆயின் கெடிஸ் விடயத்தில் ஜேக்கப்ஸ் இழைத்த அநீதி பலரால் உணரப்படவில்லை. ஸ்கொத்லாந்தினரான கெடிஸ் 1914 இல் இந்தியாவுக்கு வந்தார். அவரது நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையைக் குண்டுவீசித் தாக்கித் தமிழ்ப் பேச்சில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே ஜேர்மன் போர்க்கப்பல்தான். நண்பர் உதவியுடன் புதிய கண்காட்சியொன்றைத் திரட்டி 1915 இற் சென்னையிற் காட்டிய பின், சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர் அவற்றுள் ஒன்று. காற்றும் வெளிச்சமும் வேண்டுமென நகராட்சிப் பொறியியலாளர்கள் பழைய தெருக்களின் குறுக்கே நேரான அகன்ற வீதிகளை வெட்ட முற்பட்டபோது, அவ்வீதிகள் எத்தனை குடும்பங்களை வெளியேற்றும் என எண்ணிக் காட்டினார் அவர். மிகவும் பாழடைந்த ஓரிரு வீடுகளை மாத்திரம் நீக்கி, அவ்வெளியை முற்றமாக்கி, ஒரு மரத்தை நட்டு, எஞ்சியவற்றைச் செப்பனிட்டாலே போதுமென்றார். பேணும் சத்திரசிகிச்சை என அம்முறைக்கு அவரே பெயரிட்டார். 1921 இல் கொழும்பு நகரத் திட்டத்துக்கும் ஒரு முன்னறிக்கை வரைந்தார். இந்திய அறிக்கைகளின் பகுதிகள் 1947 இல் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்துள்ளன. ஜேக்கப்ஸ் விரும்பியிருப்பின் படித்திருக்கலாம். தம் எதிரியென அவர் பட்டியலிட்டவர், தஞ்சைத் தெருக்களில், தமக்கு 45 ஆண்டுகள் முன்னரே தம் வாதத்தின் பெரும்பகுதியைச் செயலிற் காட்டியிருந்தார். அதற்கும் மேலாக, ஜேக்கப்ஸ் எண்ணத் தவறிய ஒன்றைக் கெடிஸ் எண்ணினார்: வெளியேற்றப்படுவோரின் தொகையை.

இக்காலத்து எதிர்த்தரப்பின் தலைசிறந்த பிரதிநிதி ஹாவார்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் எட்வேட் கிளேசர். 2011 இல் வெளிவந்த ‘நகரத்தின் வெற்றி’ என்ற நூலில், ஜேக்கப்ஸை மதித்துக்கொண்டே மறுக்கின்றார். வேண்டுவோர் தொகை பெருகுகையில் வழங்கலைத் தடுத்தால் விலை ஏறும். பழைய வீட்டைப் பேணுவதால் மலிவு பேணப்படுவதில்லை, புதிய வீட்டைக் கட்டாமையால் பழைய வீடும் விலையேறுகின்றது என்பதே அவர் வாதத்தின் சாரம். பாதுகாக்கப்படும் கட்டடங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை விதித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றார். ஜேக்கப்ஸின் பிழையை இவர் பிடித்துவிட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பிழைக்கு அவர் கூறும் பரிகாரம் முழுமையானதன்று. வழங்கல் என்ற சொல்லிற் காலம் மறைந்துகிடக்கின்றது. இன்று எழும் மாடி இன்னும் முப்பது ஆண்டுகளில் வாடகையைத் தணிக்கலாம். இன்று இடிபடும் வீட்டில் வாழும் கிழவிக்கு முப்பது ஆண்டுகள் இல்லை. சந்தை நகரமெங்கும் சராசரியாக நன்மை செய்யலாம். வெளியேற்றம் ஒருபோதும் சராசரியாக நிகழ்வதில்லை. அது குறிப்பிட்ட ஒரு கதவில், குறிப்பிட்ட ஒரு மாதத்தின் முதலாந் தேதியில் நிகழ்வது.

சோஹோ பகுதியின் கதை இரு தரப்பையும் ஒருங்கே சோதிக்கின்றது. கீழ் மன்ஹாட்டனின் குறுக்கே மோசஸ் அமைக்க விரும்பிய பத்துவழி நெடுஞ்சாலை அப்பகுதியை விழுங்கியிருக்கும். ஜேக்கப்ஸும் அவர்தம் தோழரும் ஏழாண்டுகளுக்கு மேலாக அதனை எதிர்த்தனர்; 1968 இல் ஒரு பொது விசாரணைக் கூட்டத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு திட்டம் மடிந்தது. வார்ப்பிரும்பு முகப்புடைய பழைய தொழிற்சாலை மாடிகள் 1973 இல் வரலாற்றுப் பிரதேசமாயின. அங்கே முதலிற் குடிபுகுந்தோர் வெறும் கையரான ஓவியர்கள். அவர்களது வறுமையே அப்பகுதிக்கு மணமூட்டி, செல்வரை எவ்வாறு வருவித்தது என்பதை ஷாரன் சூக்கின் 1982 இல் எழுதிய ‘மாடி வாழ்வு’ என்ற ஆய்வு விளக்குகின்றது. 2021 டிசெம்பரில், நகரின் மிக விலையுயர்ந்த பகுதிகளுள் ஒன்றாகிவிட்ட சோஹோவில் உயர்ந்த கட்டடங்களுக்கு இடமளித்து, அவற்றுள் ஒரு பங்கு குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்கப்படவேண்டும் என்ற நிபந்தனையுடன், மாநகர சபை வலய விதிகளைத் திருத்தியது. எதிர்த்தோர் ஜேக்கப்ஸின் பெயரைச் சொன்னார்கள், ஆதரித்தோரும் சொன்னார்கள். ஒரு பங்கேனும் ஒதுக்கப்பட்டமை நன்றே என்பது எமது கருத்து; ஆயினும் ஐம்பதாண்டுகளுக்கு முன் அவ்வொதுக்கீடு எவ்வளவு மலிவாக முடிந்திருக்கும் என்பதையும் நினையாதிருக்க முடியவில்லை.

இரு சாராரும் படியாது தாண்டிச் செல்லும் ஓர் அதிகாரம் ஜேக்கப்ஸின் நூலில் உண்டு. வீடுகளுக்கு அரச உதவி வழங்குவது பற்றிய 17ஆம் அதிகாரமே அது. நடைபாதை பற்றிய அதிகாரங்கள் போன்று படிப்பதற்கு இனிமையானதன்று. கடன், வட்டி, வாடகை எனக் கணக்குப்புத்தகம் போல் நடப்பது. வாடகைக்கும் குடியிருப்பவரின் வருமானத்துக்கும் இடையிலான குறையை அரசு ஈடுசெய்யும் ஒரு முறையை அவர் அங்கே முன்வைக்கின்றார். கட்டடம் குறித்த அயலிலேயே, இருக்கும் தெருவோடு பொருந்த எழவேண்டும். குடியிருப்போர் அவ்வயலிலிருந்தே தெரிந்தெடுக்கப்படவேண்டும். ஒருவரின் வருமானம் உயர்ந்தால் அவர் வெளியேற்றப்படலாகாது. உதவி குறையும், அவர் இருப்பார். அதாவது, பழைய அயலைப் பேணுவதும் அதிற் புதிய வீடுகளைச் செறிவாகக் கட்டுவதும் அவருக்கு ஒரே செயலின் இரு கூறுகளாகவே இருந்தன. இணைக்கும் ஆணி பொதுப்பணம். அவ்வாணியைக் கழற்றிய பின்னரே இரு கூறுகளும் இரு கட்சிகளாகப் பிரிந்தன. தனியார் வீட்டுச் சொந்தக்காரரின் கையிலேயே அத்திட்டத்தை ஒப்படைத்தமை அதன் குறை. காணி உடைமை பற்றிய கேள்வியை அவர் எங்குமே நேரே எழுப்பவில்லை. நிலத்தின் பெறுமதியை உயர்த்துபவர் தெருவில் வாழ்வோர் அனைவருமாக இருக்க, அவ்வுயர்வை அறுவடை செய்பவர் உறுதி வைத்திருப்பவர் மாத்திரம் என்பது அவரது கண்ணுக்குத் தப்பிவிட்டது, அல்லது தப்பவிடப்பட்டது.

ஆயினும் அவ்வதிகாரம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தம் தெருக்களை இடிப்பிலிருந்து மீட்ட அயலவர்கள் 1963 இல் தமது சொந்த வீடமைப்புத் திட்டமொன்றை முன்வைத்தனர். ஒருவரையும் வெளியேற்றாது, வெறுமையாய்க் கிடந்த காணிகளில் மாத்திரம், மின்னேற்றியில்லாத ஐந்து மாடிக் கட்டடங்களை எழுப்புவது அதன் நோக்கம். மாநகர நிர்வாகத்தின் எதிர்ப்பையும் இழுத்தடிப்பையும் கடந்து அது நிறைவேற ஒரு தசாப்தத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கட்டுமானச் செலவு ஏறி, திட்டமிட்டிருந்த அலங்காரங்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. 42 கட்டடங்களில் 420 வீடுகள் எழுந்தன. பார்வைக்கு அவை மிக எளிமையானவை, வெறுஞ் செங்கல். அழகியல் நோக்கிற் பேசும் பேணுகையாளர் எவரும் அவற்றைப் படம்பிடித்து அட்டையிற் போடுவதில்லை. அடர்த்தி வேண்டுமென்போர், அவ்விடத்தில் இருபது மாடி எழுந்திருக்கலாமே என்கின்றனர். இரு குறைகளும் உண்மையே. ஆயினும் இடைவருமானத்தினருக்கான மாநில வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வந்தமையால், சுற்றிவர வாடகைகள் வானளாவியபோது, பல்லாண்டு காலம் அவ்வீடுகளில் ஆசிரியரும் தாதியரும் வாழ முடிந்தது. அவர்களைக் காத்தது செங்கல்லின் வயதன்று; வாடகையைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தமே. ஒப்பந்தத்துக்குத் தவணை இருந்தது. 2000களில் உரிமையாளர் அத்திட்டத்தினின்றும் விலக முற்பட்டார். நீண்ட இழுபறியின் பின், குடியிருந்தோர் தம் வீடுகளைத் தாமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுடன் அவை கூட்டுறவு உடைமையாயின. அன்று அங்கிருந்தோர் தப்பினர். அவர்களுக்குப் பின் வருவோருக்கு அத்தகைய ஏற்பாடெதுவும் எழுதப்படவில்லை.